ரமிசே பெரியம்மாவும் கத்துகிற அப்பாக்களும்

“காபி போடச் சொல்லுங்க அண்ணே, சர்க்கரை கொஞ்சம் தூக்கலா” என்று சொல்லிக்கொண்டே முஹாரெம் வீட்டு முற்றத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள் ரமிசே பெரியம்மா.

“காலங்காத்தால என்ன ரமிசே?” முஹாரெம் சந்தையில் செருப்பு விற்பவர். கடை திறக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“காபி வரட்டும்.”

“அதுக்குள்ள சொல்லேன்.”

“உங்க வீட்டுக் காபிக்குத்தானே ரெண்டு தெரு தாண்டி வந்திருக்கேன்? இதோ, என் தங்கச்சி எல்மாசா பொண்ணு. இவளுக்கும் ஒண்ணு.”

காபி வந்தது. முஹாரெம் ஒரு கையில் சாஸரும் மறு கையில் கோப்பையுமாக உட்காரும்வரை பெரியம்மா காத்திருந்தாள். அவர் முதல் வாய் உறிஞ்சியதும் சொன்னாள்: “அண்ணே, உங்க பொண்ணு சுஸானாவைத் தேடாதீங்க. நல்ல இடத்துல இருக்கா. கண்ணாடி வெட்டுற இஸெத் இருக்காரே, அவரு வீட்டுல. நேத்து நடு ராத்திரியே போயிட்டா. பையன் பேரு எனிஸ்.”

முஹாரெம் கோப்பையிலிருந்து நிமிர்ந்தார்.

“எவன்? கால் கோணலா நடப்பானே, அவனா?”

“கால் நேராத்தான் இருக்கு அண்ணே. பேன்ட்டுதான் கோணல்.”

“என் பொண்ணு! தோள்ல தூக்கி வளர்த்த பொண்ணு! அந்தக் கண்ணாடிக்காரன் வீட்டை நான் நொறுக்காம விடமாட்டேன்!”

அவர் கத்த ஆரம்பித்தார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. காபி சாஸரில் தளும்பியது. ஆனால் அவர் அதைக் கீழே வைக்கவில்லை. பெரியம்மா பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல் மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவர் குரல் கம்மியபோது எழுந்தாள்.

“போதும் அண்ணே, தொண்டை கட்டிக்கும். தெருப்பக்கம் திரும்பி இன்னும் ஒரே ஒரு தடவை கத்திட்டு உள்ள போங்க. அந்தக் கடைசி வீட்டுக்காரங்களுக்குக் கேட்டிருக்காது.”

முஹாரெம் தெருப்பக்கம் திரும்பி இன்னொரு முறை கத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. செய்தி சொல்லப் போகும்போது துணைக்கு என்னைக் கூட்டிப்போயிருந்தாள். திரும்பும் வழியில், காபி எதற்கு என்று கேட்டேன்.

“கையில சூடு இருந்தா கை ஓங்காது. வாய்க்கு மட்டும்தான் வேலை.”

“கத்தாம இருந்தா இன்னும் நல்லதுதானே பெரியம்மா?”

நடுத்தெருவில் நின்றுவிட்டாள். “படிச்சிருக்கே, ஆனா ஒண்ணும் தெரியல. அப்பன் கத்தலைன்னா அந்தப் பொண்ணு நாளைக்கு மாமியார் வீட்டுல எப்படித் தலை நிமிர்வா? ‘உன்னை விட்டா போதும்னு இருந்திருக்காங்க’ன்னு சொல்லிக்காட்ட மாட்டாங்களா? பொண்ணுக்கு அப்பன் போடற நகை அண்ணே, அந்தக் கத்தல்” என்றாள். என்னைப் பார்த்தே ‘அண்ணே’ என்றாள். முஹாரெம் இன்னும் அவள் நாக்கிலிருந்து இறங்கவில்லை.

எங்கள் பேட்டையான ஷூத்காவில் பெண் கேட்டு, நாள் குறித்து, மேளத்தோடு நடக்கிற கல்யாணங்கள் ஏராளம். அவற்றுக்கு ஈடாக ஓடிப்போகிற கல்யாணங்களும் உண்டு. பெண் போனபின், அப்பா ஆள் திரட்டித் தேடக் கிளம்புவதற்குள், அவள் இருக்கும் இடத்தை ஒரு பெண்பிள்ளை வந்து சொல்லிவிட வேண்டும். அப்பா கத்த வேண்டும். வாரம் கழித்து இரு வீட்டாரும் சேர்ந்து சாப்பிட வேண்டும். இதில் முதல் வேலைக்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். ரமிசே பெரியம்மா முப்பது வருடமாக அதைச் செய்துவருகிறாள்.

அதை அவள் கற்றது சொந்த வீட்டில். யாஷர் தாத்தாவுக்கு நான்கு பெண்கள். பாட்டி சீக்கிரமே போய்விட்டாள். மூத்தவள் சபிரியே ஓடிப்போனபோது, அடுத்தவளான ரமிசேதான் அப்பா முன்னால் போய் நின்றாள். காபி இல்லை, ஒன்றும் இல்லை. செருப்பு பறந்தது, சாம்பல் கிண்ணம் பறந்தது, பாதித் தர்பூசணி பறந்து சுவரில் அப்பியது. அடுத்து நெஜ்மியே போனபோது காபியோடு நின்றாள். கடைக்குட்டி எல்மாசா, அதாவது என் அம்மா, போனபோது காபியோடு ஒரு துண்டு கேக்கும் கொடுத்தாளாம். “ரெண்டு கைக்கும் வேலை குடுத்தேன். உங்கம்மாவுக்காக அவர் போட்ட சத்தம் மாதிரி இந்தத் தெரு கேட்டதில்ல” என்று பெருமையாகச் சொல்வாள். அக்கா தங்கைகள் மூன்று பேரும் நூறு அடிக்குள்தான் குடியேறினார்கள். ஒருத்தி வீட்டில் ரொட்டி வேகிற வாசனை வந்தால் மற்ற மூவரும் தட்டோடு வந்து நிற்பார்கள்.

சந்தையில் அவளுக்குத் திரைச்சீலைக் கடை. ஆள் முகத்தை மறப்பாள். ஜன்னலை மறக்க மாட்டாள். “யாரு ஃபிக்ரியாவா? ரெண்டு பக்கமும் திறக்கிற ஜன்னல், நாலு அடி அகலம், கீழே தொட்டிச் செடி” என்பாள். சிரிக்கும்போது மேல்வரிசைத் தங்கப் பல் தெரியும். சீலையை அளக்கும்போது நுனியை மூக்கில் ஒட்டிக்கொண்டு கையை நீட்டுவாள். அளவு ஒரு விரல்கூடப் பிசகாது. எந்தப் பெண் ஓடிப்போகப் போகிறாள் என்பது அவளுக்கு இரண்டு வாரம் முன்பே தெரிந்துவிடும். தன் வீட்டில் இல்லாத அளவில் ஒரு ஜன்னலுக்கு ஒருத்தி வந்து விலை கேட்டால், பெரியம்மா ஒன்றும் பேசாமல் துணியை மடித்துக் கொடுப்பாள். அந்த ஜன்னல் எந்த வீட்டில் இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஒரே ஒருமுறைதான் தவறினாள். ஒரே தெருவில் செவ்ஜான் என்று இரண்டு பெண்கள். போனது தையற்காரர் பெண். பெரியம்மா போய்ச் சொன்னது பூக்கடைக்காரரிடம். அவர் காபிக் கோப்பையோடு எழுந்து, வானம் அதிரக் கத்தினார். பாதிக் கத்தலில் அவர் மகள் வாயில் பல்துலக்கும் நுரையோடு வெளியே வந்து, “என்னப்பா, யாரு செத்தது?” என்று கேட்டாள். பெரியம்மா காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். “பரவாயில்ல அண்ணே, ஒத்திகைன்னு வெச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டுத் தையற்காரர் வீட்டுக்கு நடந்தாள். மூன்று மாதத்தில் பூக்கடைச் செவ்ஜானும் போனாள். பூக்கடைக்காரர் சொல்லியனுப்பினார்: “ரமிசே வர வேணாம். நான் முன்னாடியே கத்திட்டேன்.”

பெரியம்மா மட்டும் ஓடிப்போகவில்லை. போக இடம் இல்லாமல் இல்லை. செஃபெர் இருந்தார். பஸ் ஓட்டுகிறவர், மனைவியை இழந்தவர், இரண்டே ஜன்னல் உள்ள வீட்டுக்காரர். அந்த இரண்டு ஜன்னல்களுக்குப் பதினோரு வருடத்தில் ஒன்பது முறை திரைச்சீலை வாங்கினார்.

“என்ன செஃபெர், உங்க வீட்டுல ஜன்னல் முளைக்குதா?”

“வெயில்ல வெளுத்துப்போகுது ரமிசே.”

“போன வருஷம் வாங்கினதா?”

“எங்க வீட்டுப் பக்கம் வெயில் ஜாஸ்தி. வந்து பாரேன்.”

சந்தை முழுக்க இதைக் கேட்டுச் சிரிக்கும். அப்பாவைத் தனியே விட மனமில்லாமல்தான் அவள் போகவில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், அந்தச் செப்டம்பர்வரை.

செப்டம்பர் வந்தால் தாத்தா முற்றத்தில் நான்கு பேரும் தகர அடுப்பைச் சுற்றி உட்காருவார்கள். மூட்டை மூட்டையாகச் சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டுத் தோலுரித்து, குளிர்காலத்துக்கு விழுது கிண்டுவார்கள். தெருவே புகையும். நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். யார் சொன்னதும் யாருக்கும் விட்டுப்போகாது. இன்றைக்கு நினைத்தாலும் என் விரல்களில் அந்தச் சுட்ட மணம் ஏறிவிடுகிறது. தாத்தா திராட்சைக் கொடியின் கீழே நாற்காலி போட்டு, உப்புக் குறைகிறது என்று தூரத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பார்.

நான் டீச்சர் வேலையில் சேர்ந்த வருடம் என் அம்மா வம்புக்கு இழுத்தாள். “அப்பா, ரமிசே அக்கா செஃபெரோட ஓடிப்போயிட்டா என்ன பண்ணுவீங்க?”

“எனக்கென்ன?” என்றார் தாத்தா. “போறப்ப கதவைச் சாத்திட்டுப் போகச் சொல்லு. காத்து வரும்.”

எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்தாள். பிறகு பார்த்தேன், ஏற்கெனவே தோலுரித்த மிளகாயையே மறுபடி மறுபடி உரித்துக்கொண்டிருந்தாள். அது கையில் குழைந்துபோயிருந்தது.

குழாயடியில் கை கழுவும்போது என்னிடம் சொன்னாள்: “பார்த்தியா? எனக்குக் கத்த ஆள் இல்ல.”

“தாத்தா விளையாட்டுக்குச் சொன்னாரு பெரியம்மா.”

“மத்த மூணு பேருக்கு விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொன்னதில்லையே. நாப்பத்தாறு வயசுல போறவளுக்கு யாரு கத்துவா? ‘சரி’ன்னு சொல்லிடுவாரு. அந்த ஒரு ‘சரி’யைக் கேக்குறதுக்கு, நான் இந்தத் திரைச்சீலைக்குள்ளேயே இருந்துடறேன்.”

குளிர்காலம் அப்படியே போனது. பனி உருகியபோது செஃபெர் பத்தாவது முறையாகக் கடைக்கு வந்தார். இந்த முறை துணி வாங்கவில்லை. “வர்ற வசந்தத்துல எனக்கு அம்பது, ரமிசே. அதுக்கப்புறம் ஓடறதுன்னா மூச்சு வாங்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது பெரியம்மா செஃபெர் வீட்டில்தான் இருக்கிறாள். இன்றும் கடைக்குப் போகிறாள், இன்றும் அடுத்த வீட்டுப் பெண்களுக்காகக் காபி கேட்டு உட்காருகிறாள். தாத்தா வெள்ளிக்கிழமைதோறும் அங்கே போய்ச் சாப்பிட்டு, உப்புக் குறைகிறது என்று சொல்லிவிட்டு வருகிறார். அவள் போன அன்று அவர் போட்ட சத்தம் பள்ளிவாசல்வரை கேட்டது என்று தெருவில் இன்னும் சொல்கிறார்கள். அன்று நான் எவ்வளவு நேரம் தாத்தா வீட்டு வாசலில் நின்றேன் என்று மட்டும் இதுவரை யாரும் கேட்டதில்லை. அதை எழுதட்டுமா என்று பெரியம்மாவிடம் கேட்டேன். “எழுது. ஆனா என் வயசைக் குறைச்சுப் போடு” என்றாள். அவள் சொன்னதில் முதல் பாதியைத்தான் கேட்டு நடந்திருக்கிறேன்.

அவள் போன நாளில், வசந்தத்தை வரவேற்கும் ஹெர்தெலேசி பண்டிகைக்கு ஒரு வாரம் இருந்தது. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் வாசலில், மதிய மணி அடித்த சமயம், பெரியம்மா நின்றிருந்தாள். புதுத் தலைத்துணி. கையில் ஒரே ஒரு பை.

“கடை?”

“சாத்திட்டேன். சாயங்காலம் நீ போய் எங்கப்பாகிட்ட சொல்லணும்.”

“என்னன்னு?”

“என்னன்னு கேக்குறா பாரு. டீச்சராம்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. “அம்மா சொல்லட்டுமே. நான் சரியாப் பேச மாட்டேன் பெரியம்மா” என்றேன்.

“உங்கம்மா போனா சிரிச்சுக்கிட்டே சொல்லுவா. அவரும் சிரிச்சுடுவாரு. நீதான் போகணும். நான் சொல்ற மாதிரி இதமாச் சொல்லாதே. உள்ள போய் உக்காராதே. வாசல்ல நின்னு, தெருவுக்குக் கேக்குற மாதிரி சொல்லு. ரெண்டு மொழி படிச்சவதானே, எதுல சொன்னா அவருக்குச் சுருக்குன்னு தைக்குமோ, அதுல சொல்லு.”

“தாத்தா ‘சரி’ன்னு சொல்லிட்டா?”

பையின் காதுகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டாள். அவிழ்த்தாள். திரும்பவும் போட்டாள்.

“சொல்லட்டும். நீ வந்துடாதே. அவரு கத்துற வரைக்கும் அங்கேயே நில்லு.”