இடிக்கல்லின் ஓசை தேடி ஏற்காட்டுக்கு

ஏற்காட்டைப் பற்றி எழுதுங்கள், அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று மூன்று நண்பர்கள் பின்னூட்டத்தில் கேட்டுவிட்டார்கள். ஏரி, படகு, ரோஜாத் தோட்டம் எல்லாம் மற்றவர்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். நான் போன காரணமே வேறு. ஒரு கல் எழுப்பும் ஓசையைப் பிடித்துக்கொண்டு வரப் போனேன். எண்பதுகளின் கடைசி, வைகாசி மாதம், கோடை மழை இரண்டு தடவை அடித்து ஓய்ந்திருந்தது.

அப்போது சேலத்தில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த இலாகா என்று சொல்ல மாட்டேன், பென்ஷன் வாங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பேன். அரசாங்கம் எல்லாவற்றையும் மறைக்கும் என்ற என் எண்ணம் வெளியில் படித்து வந்ததல்ல, உள்ளே உட்கார்ந்து பார்த்து வந்தது. எங்கள் ஆபீசில் மின்விசிறி ரிப்பேர் பற்றிய சுற்றறிக்கைக்குக்கூட 'ரகசியம்' என்று முத்திரை குத்துவார்கள். மின்விசிறிக்கே அப்படியென்றால் மற்றதையெல்லாம் யோசித்துப் பாருங்கள்.

அந்த வருடம் மெட்ராஸ் பர்மா பஜாரில் ஒரு சின்ன ஜப்பான் கீபோர்டு வாங்கியிருந்தேன். பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். ஆனால் அதில் ஒரு மைக் உண்டு. எந்தச் சத்தத்தையும் ஒரு விநாடி போலப் பதிந்துகொண்டு, அதையே எல்லாக் கட்டைகளிலும் ஸ்வரமாக வாசிக்கலாம். நாய் குரைப்பதை மோகனத்தில் வாசித்துக் காட்டி வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறேன். எங்கள் குழுவில் எல்லோருக்கும் கீபோர்டு என்றால் ஆள் வராத வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் பதிலாள். எனக்கோ இதுவரை யாரும் கேட்டிராத ஒரு ஓசை வேண்டும் என்று வெறி.

அந்த நேரத்தில்தான் ஏற்காட்டுக்குப் பக்கத்து நாகலூர் சவரிமுத்து வாயைத் திறந்தார். அவர் எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறவர். அவர்கள் சர்ச் கிறிஸ்துமஸ் விழாவுக்கு வாசிக்கப் போனபோது பழக்கம். மலையில் ஒரு சிற்றூரில் பிள்ளையார் முன்னால் வழவழவென்று கற்கள் குவிந்திருக்கும், உழும்போது கிடைப்பவை, தட்டினால் மணி மாதிரி கேட்கும் என்றார். ஊரில் அதற்கு இடிக்கல் என்று பேர், இடி விழுந்த இடத்தில் மண்ணுக்குள் இறங்கிய கல்லாம். எனக்குப் புரிந்துவிட்டது. இரும்பே தெரியாத காலத்து மனிதர்கள் தேய்த்துச் செய்த கைக்கோடாரிகள் அவை. அடுத்து அவர் சொன்னதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. நாலு வருஷம் முன்னால் ஒரு கவர்மென்ட் ஜீப் வந்து ஒரு மூட்டைக் கல்லை ஆராய்ச்சிக்கு என்று அள்ளிக்கொண்டு போனதாம். ஒரு மாதத்தில் திருப்பித் தருவதாகச் சொன்னவர்கள் இன்னும் வரவில்லை. சேலத்தில் எனக்குத் தெரிந்த இரண்டு ஆபீசில் விசாரித்தேன். இரண்டிலும் நான் ஏன் கேட்கிறேன் என்றுதான் திருப்பிக் கேட்டார்கள்.

சேலம் பஸ் நிலையத்தில் காலை ஆறரை வண்டி, டிக்கெட் நாலு ரூபாய். முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவு. வாந்தி வருகிறவர்கள் இட்லி சாப்பிடாமல் ஏறுங்கள். பாதி மலையில் சில்வர் ஓக் மரங்களும் அதில் ஏறிய மிளகுக் கொடியும் தொடங்கிவிடும். எட்டு மணிக்கு ஏற்காடு கடைத்தெருவில் இறங்கினால் சவரிமுத்து ஜீப்போடு நின்றிருந்தார். நாள் முழுக்க நூற்றி இருபது ரூபாய் என்று பேச்சு.

போகிற வழியில் ஒரு மேட்டின் மேல் முள்வேலிக்குள் ஒரு கட்டடம், உயரமான கம்பம். அனுமதியின்றி உள்ளே நுழையக் கூடாது என்று பலகை இருந்தது. எந்த இலாகா என்று இல்லை. மடியில் இருந்த என் டிரான்சிஸ்டர் அந்த இடத்தில் கர்ரென்று உறுமியது. வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"அது மழை அளக்கற ஆபீசுங்க சார்," என்றார் சவரிமுத்து.

"மழை அளக்க முள்வேலி எதுக்கு?"

"மாடு உள்ள போயிருமுங்க."

நான் நம்பவில்லை. டிரான்சிஸ்டரை அணைத்துப் போட்டேன், மறுபடி உறுமியது. என் ஜீப்பே உறுமும் சார், வயர் சரியில்லை என்றார் அவர். அதையும் நான் முழுதாக நம்பவில்லை.

தார் ரோடு முடிந்த பிறகு காபித் தோட்டங்களுக்கு நடுவே மண் பாதை. அப்புறம் அரை மணி நேரம் ஏற்றம். கீபோர்டைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். பத்து பதினைந்து வீடு உள்ள ஊர். ஊர் ஓரம் ஒரு பலா மரத்தடியில் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஒரு கல்கூட இல்லை, மழை கழுவிய வெறும் மண்.

ஊர்க்கவுண்டர் வந்தார். பேர் ராமக்கவுண்டர், ஐம்பது வயதிருக்கும், என் தோள் மூட்டையை விட்டுப் பார்வையை எடுக்கவே இல்லை. இடிக்கல் எங்கே என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் அந்த ஜீப்புக்காரங்களே கொண்டுக்கிட்டுப் போயிட்டாங்க சாமி. ஒத்தக் கல்லு இல்லீங்க. வேணும்னா நீங்களே பாத்துக்கங்க."

நான் பார்த்தேன். அவர் சொன்னதை நம்பினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் மேட்டுக்காட்டுப் பக்கமிருந்து ஒரு பெண் தலையில் கூடையோடு வேகமாக வந்தாள். கவுண்டரின் மனைவி வெள்ளச்சி என்று பிறகு தெரிந்தது. கூடையில் மஞ்சள் பூசிய கற்கள்.

"ஏனுங்க, இங்க பாருங்க! காட்டு மூலையில கொத்துனனுங்க, ஒண்ணு ரெண்டு இல்லீங்க, ஏழு! ஒரே குழியில, ஆரோ அடுக்கி வெச்ச மாதிரி!"

கவுண்டர் வானத்தைப் பார்த்தார். சவரிமுத்து இருமினார். நடந்தது இதுதான். ஜீப்காரர்கள் போன பிறகு மிச்சமிருந்த கற்களை இனி ஒருத்தனும் எடுக்கக் கூடாது என்று கவுண்டர் தன் உழவுக்காட்டின் மூலையிலேயே புதைத்திருக்கிறார். ரகசியம் என்பதால் மனைவிக்கும் சொல்லவில்லை. ஏர் மூலை வரை திரும்பாது என்று அவருடைய கணக்கு. ஏர் போகாத மூலையைப் பெண்கள் கொத்திவிடுவார்கள் என்பது மறந்துவிட்டது. அந்த ஊர் வழக்கமோ, மண்ணில் இடிக்கல் கிடைத்தால் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, கழுவி மஞ்சள் பூசி, வழியில் எங்கேயும் தரையில் இறக்காமல் நேராகப் பிள்ளையாரிடம் கொண்டு வந்துவிட வேண்டும். ஊரே பார்க்கக் கொண்டு வந்துவிட்டாள்.

"அந்த மூலையில எதுக்குக் கொத்துன?" என்றார் கவுண்டர், மெதுவாக.

"கொத்தக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்களா?"

"சொல்லல."

"அப்பறம்?"

அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. அவசரத்துக்குக்கூடக் கூடையைக் கீழே வைக்க முடியாது, மறைக்கவும் முடியாது. அப்படியே தலையில் வைத்தபடி, "நீங்க எந்த ஆபீசுங்க?" என்றாள்.

என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு சரியாகக் கேட்டதில்லை. "கச்சேரியில் வாசிக்கிறவன்," என்றேன். அதுவும் உண்மைதானே. சவரிமுத்து, தங்கள் சர்ச்சில் வாசித்தவர், நல்லவர் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். கீபோர்டைப் பிரித்து நாயை மோகனத்தில் வாசித்துக் காட்டினேன். ஊர்ப் பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். வெள்ளச்சி மட்டும் சிரிக்கவில்லை.

இனி என்ன செய்வது என்று கவுண்டர் அவளைப் பார்த்தார். அவள்தான் முடிவு செய்தாள். கல்லை நான் தொடக் கூடாது, ஒரே தடவை தட்டிக்கொள்ளலாம். கூடையைக் கவுண்டர் தலைக்கு மாற்றிவிட்டு, தன் சும்மாட்டை உள்ளங்கையில் வைத்து, அந்தத் துணி வளையத்தின் மேல் ஒரு கல்லை நிறுத்திக்கொண்டாள். கறுத்த கல், ஒரு முனை கூர், மறுமுனை உருண்டை. கீபோர்டில் பதியும் பொத்தானை அழுத்திவிட்டு, என் வீட்டுச் சாவியால் தட்டினேன்.

அதை எப்படி எழுதுவது என்று இன்றைக்கும் தெரியவில்லை. 'ணங்' என்றால் குறைவு. இரும்புக்கு உள்ள கூச்சல் இல்லை, வெண்கலத்தின் இழுப்பும் இல்லை. சுத்தமாக எழுந்து சுத்தமாக அடங்கியது. யாரோ ஒருத்தர் ஈரப் பாறையில் மாதக்கணக்கில் இதைத் தேய்த்திருக்கிறார், தேய்க்கத் தேய்க்க ஓசை மாறுவதைக் கேட்டிருக்கிறார். மனிதனின் முதல் கருவியும் முதல் வாத்தியமும் ஒன்றாகவே இருந்திருக்கலாம் என்று பட்டது. கட்டைகளில் அதை மெல்ல ஏற்றி இறக்கி, நிறுத்த மனமில்லாமல் திரும்பவும் வாசித்தேன். சந்தோஷம்தான், வேறில்லை.

"இங்க கல்லு இருக்குதுன்னு ஆருகிட்டயும் மூச்சு விடக் கூடாதுங்க," என்றாள் வெள்ளச்சி. "அந்தச் சத்தத்தையும் சேத்துத்தான் சொல்றேன். எந்த ஊர்ச் சத்தம்னு கேப்பாங்க. மறுபடி மூட்டையோட வந்தாங்கன்னா பிள்ளையாருகிட்ட ஒண்ணுமே மிஞ்சாதுங்க."

சரி என்றேன். கேட்டால் ஜப்பான் சத்தம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

திரும்பும்போது நாகலூரில் டீ குடிக்க நிறுத்தினோம். டீ நாற்பது பைசா, வடை சுமார். பாதி டீயில் ஒரு ஜீப் வந்து நின்றது, கண்ணாடியில் அரசுப் பணி என்று எழுதியிருந்தது. பேன்ட் போட்ட இரண்டு பேர் இறங்கி என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒருவர் துண்டு மூட்டையைப் பார்த்தார்.

"என்ன சார், மெஷினா?"

"பாட்டுப் பொட்டி."

"மேல எங்க போயிட்டு வர்றீங்க? இந்தப் பக்கம் கோயில்ல பழைய கல்லுங்க இருக்குதாமே, பாத்தீங்களா?"

குருவிச் சத்தம் பிடிக்க வந்தேன் என்றேன். அப்படியா, போட்டுக் காட்டுங்களேன் என்று இன்னொருவர் நெருங்கி உட்கார்ந்தார். எந்தக் கட்டையைத் தொட்டாலும் அந்தக் கல்தான் பேசும். குருவி எங்கே என்பார்கள். ஜப்பான் சத்தம் என்ற பொய் வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

அந்தப் பெட்டியில் ஒரு சத்தத்துக்குத்தான் இடம். புதிதாக ஒன்று பதிந்தால் பழையது போய்விடும். "குருவி கிடைக்கலைங்க, இது எப்படிப் பதியுதுன்னு காட்டறேன்," என்று சொல்லிவிட்டு, பொத்தானை அழுத்தி டீ கிளாஸை ஸ்பூனால் தட்டினேன். அவர்கள் இருவரும் டீ கிளாஸில் ஆளுக்கொரு சினிமாப் பாட்டு வாசித்துப் பார்த்துச் சிரித்துவிட்டு, கை கொடுத்துவிட்டுப் போனார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் அழுகையே வந்துவிட்டது. சவரிமுத்து கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு சொன்னார், "அவுங்க காய்கறி விதை குடுக்கற ஆபீசருங்க சார். மாசத்துக்கு ஒருக்கா வருவாங்க."

"விதை ஆபீசர் கல்லைப் பத்தி எதுக்குக் கேக்கணும்?"

"கோயிலுன்னா எல்லாரும் கேப்பாங்க சார்."

இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்கு இன்றுவரை தீரவில்லை.

ஆவணியில் மறுபடி போனேன். திரும்பவும் பதியலாம் என்ற நப்பாசை இருந்தது, மறைப்பானேன். பிள்ளையார் முன்னால் எதுவும் இல்லை. களத்தில் நின்ற வெள்ளச்சியிடம் டீக்கடையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் என்னை உட்காரச் சொன்னாள், கீபோர்டைப் போடச் சொன்னாள், ஒவ்வொரு கட்டையாக அழுத்தச் சொன்னாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை டீ கிளாஸ். காது கொடுத்து எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள்.

"இதே மாதிரி இன்னொரு பொட்டி ஊட்டுல இருக்குதுங்களா?" என்றாள்.

"இல்லீங்க."

"இருக்கறவங்களும் அப்படித்தானுங்க சொல்லுவாங்க."

கோபப்படத்தான் பார்த்தேன், முடியவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பேன். ஒரு வாழைப் பழச் சீப்பு கொடுத்து அனுப்பினாள். கல் எங்கே என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சனி ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள். வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழா நேரம் அறை கிடைக்காது, முன்பே சொல்லி வையுங்கள். மாலையில் பனி இறங்கிவிடும், ஸ்வெட்டர் தேவை. கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள். காபித் தோட்டப் பாதைகளில் அட்டை உண்டு, கொஞ்சம் உப்பு கொண்டு போங்கள். எங்காவது மரத்தடியில் பிள்ளையாரைப் பார்த்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள், முன்னால் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டாம்.

அந்த ஊர் எது என்று பின்னூட்டத்தில் கேட்பீர்கள். நாகலூரிலிருந்து கிழக்கா மேற்கா, தலைச்சோலைப் பக்கமா என்றெல்லாம் சுற்றி வளைப்பீர்கள். சொல்ல மாட்டேன். மேலே எழுதிய வழியில் இரண்டு மூன்று இடங்களை வேண்டுமென்றே மாற்றியிருக்கிறேன், ஆட்களின் பேரையும்தான். இப்படி ஒரு ஊரே இல்லை, இந்த ஆள் கதை விடுகிறான் என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றட்டும். முப்பது வருஷம் ஆபீசில் உட்கார்ந்து, மறைப்பவர்களிடம் ஒரு நியாயமான காரணத்தைக்கூட நான் பார்த்ததில்லை. என்னிடம் ஒன்று இருக்கிறது. அதையும் நீங்கள் என் வாய்ச்சொல்லை வைத்துத்தான் நம்ப வேண்டும்.