ஊமையன் மைக்செட்

காலை பத்தே முக்காலுக்குச் செய்தி வந்தது. ராஜவேலின் எண்ணிலிருந்தே வந்தது.

ஹேமலதா அப்போது பெரம்பலூர் வீட்டு அடுப்படியில் மகளுக்குப் பருப்புச்சோறு பிசைந்துகொண்டிருந்தாள். அலமாரியில் கிடந்த போன் அடித்தது. திரையில் தாய்மாமன் முகத்தைப் பார்த்ததும் நறுமுகை தரையில் குதித்தாள். "ம்ம்... ம்ம்..." என்று இரண்டு கையையும் நீட்டினாள். இரண்டு வயது தாண்டிய அந்தப் பிள்ளையிடம் இருந்த பேச்சு அவ்வளவுதான். ஹேமலதா புறங்கையால் போனைத் தள்ளித் திறந்து, சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"என்னடா, இன்னிக்கி எந்த ஊரு காது கிழியுது?"

மறுமுனையில் தம்பி இல்லை. அவன் கூட்டாளி தமிழரசன்.

"அக்கா, நான் தமிழு. மாமா வூட்டுல இருந்தா அவருகிட்ட போனக் குடுக்கா."

அதிலேயே தெரிந்துவிட்டது. அதற்கு மேல் அவன் சொன்னதெல்லாம் விவரம். செந்துறையிலிருந்து அரியலூர் போகிற சாலையின் ஓரமாக ஆட்டோவை நிறுத்தி, மேலே சரிந்துபோயிருந்த குழாய் ஸ்பீக்கரை ராஜவேல் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறான். சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த லாரி அடித்திருக்கிறது. அந்தச் சாலையில் அந்த லாரிகள் எதற்கும் நிற்பதில்லை. அன்றும் நிற்கவில்லை.

நறுமுகை போனைக் கேட்டு அழுதாள். மாமனோடு பேசுவது அவளுக்குப் பழக்கம். அவன் பேசுவான், அவள் "ம்ம்" என்பாள்.

ராஜவேல் செந்துறையில் மைக் ஆட்டோ ஓட்டினான். துணிக்கடைத் தள்ளுபடி, கோயில் திருவிழா, கண் சிகிச்சை முகாம், காணாமல் போன மாடு, ஊரில் யாராவது இறந்தால் அடக்கம் எத்தனை மணிக்கு என்கிற தகவல், எல்லாம் அவன் குரலில்தான் தெருவுக்கு வரும். கனத்த குரல். ஒரு சொல் இன்னொன்றின் மேல் ஏறாது. மற்ற ஆட்டோக்காரர்கள்கூட அவனைப் பேசச் சொல்லி பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஆனால் சுற்று வட்டாரத்தில் அவனை வாடகைக்குக் கூப்பிடுகிறவர்கள் யாரும் ராஜவேல் என்று சொன்னதில்லை. "ஊமையன் மைக்செட்ட வரச் சொல்லு" என்பார்கள்.

காரணம் பழையது. நாலு வயது வரை அவன் பேசவில்லை. ஹேமலதா அவனுக்கு நாலு வயது மூத்தவள். தம்பிக்குத் தண்ணீர் வேண்டுமா, வெளியே போக வேண்டுமா, யார் அடித்தார்கள் என்பதையெல்லாம் அவள்தான் ஊருக்குச் சொன்னாள். பால்வாடியில் அவன் பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்த்தார்கள். காது கேட்டது. வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினார்கள். நாக்கு புண்ணானது. ஒருநாள் ஆடு ஒன்று வேலியைத் தாண்டிக் கடலைக்கொல்லைக்குள் இறங்கியபோது, "ஆடு போவுது" என்று தெளிவாகச் சொன்னான். அதற்குப் பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. பேச்சு வந்துவிட்டது, பட்டப்பெயர் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் ஊமையன், கபடி அணியில் ஊமையன். ஆட்டோ வாங்கியபோது முன்கண்ணாடியில் அம்மா பெயரில் 'செல்வி மைக்செட்' என்று எழுதினான். ஒருவரும் அதைப் படிக்கவில்லை.

இந்தப் பழைய கதையை அவன் பெரம்பலூரில் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம். அக்காவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அவள் மாமியார் முன்னால் சொன்னான். அங்கிருந்துதான் எல்லாம் கெட்டது.

ஹேமலதாவின் நாத்தனார் சுவாதி இரண்டு தெரு தள்ளி இருந்தாள். அவள் மகள் மித்ராவும் நறுமுகையும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். மித்ரா ஒன்றரை வயதிலேயே "பாட்டி, காக்கா வந்துச்சு" என்றாள். அதோடு நறுமுகைக்குக் கெட்ட காலம் பிறந்தது. இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்து மாமியார் ஜெகதாம்பாள் பரீட்சை வைக்க ஆரம்பித்தாள்.

"இது என்னா?"

"வாழப்பழம்" என்பாள் மித்ரா.

நறுமுகை பழத்தை வாங்கி உரித்துத் தின்றுவிடுவாள்.

"திங்க மட்டும் வாய் தொறக்குது பாரு" என்பாள் ஜெகதாம்பாள்.

அப்படி ஒருநாள் பெரம்பலூருக்கு விளம்பர வேலையாக வந்திருந்த ராஜவேல், அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தான். மாமியார் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவன் சிரித்தான்.

"அத்த, இதுக்கா கவலப்படுறீங்க? நானே நாலு வயசுலதான் பேசுனேன். இப்ப என்னய நிறுத்தச் சொல்லி போலீஸ் ஸ்டேஷன்ல மனு குடுக்குறானுவ."

ஹேமலதா சிரித்தாள். அவள் கணவன் ஜெயப்பிரகாஷும் சிரித்தான். ஜெகதாம்பாள் சிரிக்கவில்லை. ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"ஓ. ஒங்க பக்கத்துல இது உண்டா?" என்றாள். "பொண்ணு பாக்க வந்தப்ப யாரும் சொல்லலியே."

மறுநாளே சுவாதிக்குத் தெரிந்தது, எதிர்வீட்டுக்குத் தெரிந்தது. பிள்ளை பேசாததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. தாய்மாமன் ரத்தம்.

ஹேமலதா விலங்கியல் பட்டம் படித்தவள். அரியலூர் கல்லூரியில் வகுப்பில் முதலாக வந்தவள். அந்தப் படிப்பு மாமியார் முன்னால் வாய் திறக்கவில்லை. பிள்ளையைக் குழந்தை டாக்டரிடம் காட்டினாள். காதைச் சோதித்தார்கள், நன்றாக இருந்தது. டாக்டர் ஒரு பந்தைக் காட்டி, "இத அம்மாகிட்ட குடுத்துட்டு, செருப்ப எடுத்துட்டு வா" என்றார். நறுமுகை பந்தைக் கொடுத்துவிட்டுச் செருப்போடு வந்தாள். டாக்டருடைய செருப்பு.

"எல்லாம் புரியுது. கைய நீட்டிக் காட்டுது, மொகத்தப் பாத்துச் சிரிக்குது" என்றார் டாக்டர். "இதே வயசுல ஒரு புள்ள முந்நூறு வார்த்த பேசும். ஒண்ணு அம்பது பேசும். ஒண்ணு அஞ்சுகூடப் பேசாது. நெறைய பேரு மூணு வயசுக்குள்ள சேந்துக்குவாங்க. எல்லாரும்னு சொல்ல மாட்டேன், சிலருக்குப் பயிற்சி தேவப்படும். மூணு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் வூட்டுல பேசிக்கிட்டே இருங்க. பேசு பேசுன்னு நச்சரிக்காதீங்க."

அதை வீட்டில் வந்து சொன்னபோது ஜெகதாம்பாள், "பீஸ் வாங்கிக்கிட்டு நம்மளயே பேசச் சொல்றானா?" என்று கேட்டாள்.

டாக்டர் சொன்னபடி செய்தவன் ராஜவேல் ஒருத்தன்தான். பெரம்பலூர் வரும்போதெல்லாம் மருமகளை ஆட்டோவில் தூக்கி வைத்துக்கொண்டு, மைக்கை அணைத்துவிட்டுத் தெருவெல்லாம் சுற்றுவான். "அது வெங்காயம். சின்ன வெங்காயம். அது மூட்ட. மூட்ட மேல யாரு? பூன. பூன தூங்குது." பதிலுக்குக் காத்திருக்க மாட்டான். அவன் உதட்டையே பார்த்துக்கொண்டு நறுமுகை உட்கார்ந்திருப்பாள். சில சமயம் அணைத்த மைக்கை வாங்கித் தன் வாயருகே வைத்துக்கொள்வாள். ஒன்றும் சொல்ல மாட்டாள்.

வைகாசியில் காது குத்துவதாக முன்பே பேச்சு. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். ராஜவேல் ஒரு வருஷமாக அதைச் சொல்லிக்கொண்டே திரிந்தான். தோடு எடுத்துவிட்டான், பட்டுப்பாவாடை எடுத்துவிட்டான், தானே மைக்கில் அறிவிக்கப்போவதாகவும் மிரட்டினான். நாள் குறிக்கப் போகும்போது ஜெகதாம்பாள் தடுத்தாள்.

"மடிதான் ராசி. நாலு வயசு வரைக்கும் வாய் தொறக்காதவன் மடியில வெச்சுக் குத்துனா இதுக்கும் அதே கதிதான். ஒங்க பெரியப்பா மொவன் முத்தமிழ்செல்வன் இருக்கான்ல, வாத்தியாரு, பட்டிமன்றமெல்லாம் பேசுறான். அவனும் மாமன் மொறதானே? அவன் மடியில வைப்போம்."

"கூடப் பொறந்தவன் இருக்கறப்ப அவன் எதுக்கு அத்த?" என்றாள் ஹேமலதா.

"புள்ள பேசணுமா, ஒந்தம்பி மானம் பெருசா?"

ஜெயப்பிரகாஷ் செய்தித்தாளைத் திருப்பினான். அவன் வாயை எந்த மடியில் வைத்துத் திறந்தார்களோ, அன்றைக்கு அது திறக்கவில்லை.

ஹேமலதா மாடிக்குப் போய்த் தம்பியை அழைத்தாள். சொல்ல முடியாமல் சுற்றி வளைத்தாள். அவன் முழுவதையும் கேட்டான். பிறகு, "தள்ளிப் போடுக்கா" என்றான்.

"என்னடா சொல்ற?"

"வைகாசில வேண்டாம். புள்ள பேசட்டும். பேசிட்டா ஒம்மாமியாரு வாய மூடிக்கும்ல? அப்பறம் எம்மடியில வெச்சுக் குத்துவோம். என்னா, ஆடி போனா ஆவணி. அதுக்குள்ள பேசிருவா பாரு."

"பேசலன்னா?"

"பேசாட்டி தை. காது எங்கயும் ஓடிடாது."

அப்படித்தான் ஒரு பிள்ளையின் காது அதன் நாக்குக்காகக் காத்திருக்கத் தொடங்கியது. ஒன்றுக்கும் மற்றதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது அக்காவுக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும். சண்டை போடாமல் ஜெயித்துவிடலாம் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள்.

நாள் தள்ளிப்போனதால் ராஜவேல் தோட்டை மறுபடி எடுத்துப் பார்த்திருக்கிறான். சிவப்புக் கல் வைத்த கடுகளவு தோடு. ஒன்றில் திருகாணி ஏறவில்லை. புரி தேய்ந்திருந்தது. அடுத்த முறை பெரம்பலூர் வந்தபோது கடைவீதியில் இளையபெருமாள் பத்தரிடம் அந்த ஒற்றைத் தோட்டைக் கொடுத்தான். "ஆவணிக்குத்தான், மெதுவா குடுங்க" என்று சொல்லிவிட்டு, இன்னொன்றை அக்காவிடம் தந்தான்.

ஆடி வந்தது. ஆடி பாதியில் அந்தப் போன் வந்தது.

செந்துறையில் தெருமுனையிலேயே பேனர் கட்டியிருந்தார்கள். கபடி நண்பர்கள் உபயம். கறுப்புக் கண்ணாடி போட்ட ராஜவேல் அதில் சிரித்துக்கொண்டிருந்தான். 'ஊமையன் (எ) ராஜவேல்' என்று போட்டிருந்தது. ஹேமலதா அதன் முன்னால் நின்றாள். வந்தவர்கள் அவளைத் தாங்கிப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்கள். அவள் மயங்கவில்லை, படித்துக்கொண்டிருந்தாள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அடக்கம் நாலு மணிக்கு என்று அறிவிக்கத் தமிழரசன் தன் ஆட்டோவை எடுத்தான். ஆம்ப்ளிபயரைப் போட்டதும் உள்ளே செருகியிருந்த பென் டிரைவ் ஓடிவிட்டது. "தாய்மார்களே! ஆடித் தள்ளுபடி! ஆடித் தள்ளுபடி!" என்று ராஜவேலின் குரல் தெருவை நிறைத்தது. ஐஸ் பெட்டியைச் சுற்றி அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். தமிழரசன் பதறிப்போய் வயரைப் பிடுங்கினான். ஹேமலதாவின் இடுப்பில் இருந்த நறுமுகை மட்டும் குரல் வந்த பக்கம் கையை நீட்டி, "ம்ம்" என்று குதித்தாள்.

"வாயில்லாப் புள்ள, அதுக்கென்ன தெரியும்" என்றாள் ஜெகதாம்பாள், பக்கத்தில் இருந்தவளிடம்.

ஐப்பசி மழையில் நறுமுகை பேசினாள். "தண்ணி" என்றாள். அடுத்து "தண்ணி போச்சு." அப்புறம் வார்த்தைகள் வரிசையில் நிற்காமல் வந்தன. வெங்காயம், மூட்டை, பூனை தூங்குது. யாரும் வீட்டில் சொல்லித்தராத சொற்கள். கார்த்திகைக்குள் மித்ராவோடு சரிக்குச் சரி சண்டை போட்டாள்.

"என்துடி அது!"

"போடி, ஒன்து இல்ல!"

கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது முதலில் பேசிய பிள்ளை, எது பேசாத பிள்ளை என்று யாராலும் சொல்ல முடியாது. ஜெகதாம்பாள் எதிர்வீட்டில் சொன்னாள்: "நான் வசம்பு தடவுனேன்ல, அதான்."

ஒரு சாயங்காலம் வேறு யாரோ ஓட்டிய மைக் ஆட்டோ தெருவில் வந்தது. நறுமுகை வாசலுக்கு ஓடினாள். "மாமா!" என்று கத்தினாள். "மாமா வந்துச்சு!"

ஆட்டோ போய்விட்டது. அன்றிலிருந்து குப்பை வண்டி மைக் போட்டுக்கொண்டு வந்தாலும் அது மாமா. பஞ்சாயத்துத் தேர்தல் ஜீப்பும் மாமா. "குழாய் வெச்சதெல்லாம் மாமன்னு சொல்லுது, திருத்தக் கூடாதா?" என்று ஜெகதாம்பாள் கேட்டாள். ஹேமலதா திருத்தவில்லை.

தை பிறந்ததும் மாமியார் மறுபடி காதுகுத்தை எடுத்தாள். பேச்சு வந்துவிட்டது, இனி என்ன தடை? முத்தமிழ்செல்வனிடம் கேட்டாயிற்றாம். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை தோதுப்படுமாம்.

"அவன் மடியில வேண்டாம் அத்த."

"பின்ன யாரு மடியில?"

ஜெயப்பிரகாஷ் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "வுடும்மா. அவளாச்சு, அவ புள்ளையாச்சு" என்றான். ஹேமலதா அவனைத் திரும்பிப் பார்த்தாள். இதை வைகாசியில் சொல்லியிருந்தால் போதும்.

தை போனது, மாசியும் போனது. நறுமுகையின் காது அப்படியேதான் இருக்கிறது. ஒரு தோடு ஹேமலதாவின் பீரோவில் மஞ்சள் துணியில் முடிந்து கிடக்கிறது. இன்னொன்றுக்கு இளையபெருமாள் பத்தர் புது திருகாணி போட்டு முடித்து, ராஜவேல் பெயரைக் காகிதத்தில் எழுதி மடித்து வைத்திருக்கிறார். அதை இன்னும் யாரும் போய் வாங்கவில்லை.