மாடு இல்லை என்று நான் சொன்னேன்

எங்கள் வீட்டுக்கு அமீனா வந்த அன்று படலைத் திறந்துவிட்டது நான்தான். கோர்ட்டு உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, கடன் கட்டாதவன் வீட்டுச் சாமானை ஜப்தி செய்ய வருகிறவரை எங்கள் பக்கத்தில் அமீனா என்போம். போலீசுக்குக்கூட ஜனங்கள் அவ்வளவு பயப்பட மாட்டார்கள். போலீஸ் வந்தால் ஆளைத்தான் கொண்டுபோகும், அமீனா வந்தால் அடுப்புச் சாம்பலைக்கூட வழித்துக்கொண்டு போவான் என்று பேச்சு. அதை நேரில் பார்த்தவர் எங்கள் ஊரில் ஒருவரும் கிடையாது. ஆனாலும் எல்லாருக்கும் தெரியும்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலை கண்ணுக்கு நீலமாய்த் தெரிகிற தூரத்தில் எங்கள் ஊர். அப்பா கிணறு வெட்டக் கடன் வாங்கினார். கொடுத்தவர் டவுனில் உரக்கடை வைத்திருந்தவர். கிணற்றில் பாறை வந்தது. வெடி வைத்தார்கள், மறுபடியும் பாறை வந்தது. தண்ணீர் வருவதற்குள், கடனைக் கட்டச் சொல்லிக் கோர்ட்டு டிக்ரி வந்துவிட்டது. அந்தக் காகிதத்தை வாசிக்கத் தெரிந்தவர் வீட்டில் யாரும் இல்லை. நான் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். அப்பாவின் பெயர் வரைக்கும் வந்தது, அதற்கு மேல் போகவில்லை.

சட்டத்துக்கு எங்கள் வீட்டில் சித்தப்பா இருந்தார். ஒரு வேலித் தகராறில் சாட்சி சொல்ல அவர் இரண்டு தடவை கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். இரண்டு தடவையும் வாய்தா போட்டு அனுப்பிவிட்டார்கள். இருந்தாலும் அதற்கப்புறம் ஊரில் சட்டம் என்றால் அவரைத்தான் கேட்பார்கள். அந்த வருஷங்களில் எங்கள் ஜனங்கள் படிப்பிலும் வேலையிலும் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று போராடிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா ஒரு கூட்டம் விடாமல் போவார். வரும்போது தொண்டை கட்டியிருக்கும். அப்படிக் கட்டிய தொண்டையோடு ஒரு நாள் அவர் அப்பாவிடம் சொன்னார்:

"ண்ணோவ், அமீனா வந்தா மொத வேலையா மாட்டத்தான் புடிப்பான். அப்பறம் அண்ணி கழுத்துல கெடக்குறது. அப்பறம் அண்டா குண்டா. நான் கோர்ட்டுல கண்ணால பாத்தவன்."

எங்களுக்கு இருந்தது ஒரு ஜோடி உழவு மாடு. ஒன்று செவலை, ஒன்று மயிலை. காணி நிலம் பெரிதில்லை, மாடுதான் பெரிது. ஊரில் யார் வீட்டில் முதல் ஏர் கட்டினாலும் எங்கள் மாட்டைத்தான் கேட்டு வருவார்கள். அப்பா நடக்கிற நடையிலேயே அந்த ஜோடியின் பெருமை இருக்கும். எனக்கும் கொஞ்சம் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் விடிகிற நேரத்தில் அப்பா இரண்டையும் ஓட்டிக்கொண்டு மலை ஏறினார். கரியாலூரில் சாமை விதைக்கிற ஒரு மலைக்காரர் அவருக்குப் பழக்கம். கோடையில் கீழே புல் காய்ந்துபோனால் மாடுகளை மேலே ஏற்றிவிடுவதும், முதல் மழைக்கு முன்னால் இறக்கிக்கொள்வதும் எங்கள் பக்கத்து வழக்கம். மழை காலத்தில் மட்டும் யாரும் ஏற்ற மாட்டார்கள். மலைச் சேறும் குளிரும் கீழ்நாட்டு மாட்டின் குளம்புக்கு ஆகாது. அப்பாவுக்கு இது தெரியாமல் இல்லை. அது ஆவணி மாதம்.

"பத்து நாளு. அமீனா வந்துட்டுப் போவட்டும், எறக்கிக்கலாம்" என்றார்.

எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். யார் கேட்டாலும், எப்படிக் கேட்டாலும், எங்களுக்கு மாடு இல்லை என்று சொல்ல வேண்டும். சித்தப்பா என்னை எதிரில் நிற்கவைத்து, அமீனா மாதிரி கண்ணை உருட்டிக் கேட்டுப் பழக்கினார். முதலில் அதட்டிக் கேட்டார். பிறகு குரலைக் குழைத்துக்கொண்டு கேட்டார்.

"நல்ல வார்த்த பேசுவான் பாப்பா. அதான் அவன் சூது. நம்பிடாத."

நம்ப மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அப்பா மலையிலிருந்து இறங்கி வந்த அன்றே, நாளைக்கு அமீனா வருகிறார் என்று சேதி கிடைத்தது. மறுநாள் சாயங்காலம் அவர் வந்தார். மீசையும் தடியுமாக ஒருவர் வருவார் என்று நான் காத்திருந்தேன். வந்தவர் காற்று இறங்கிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஒரு செருப்பின் வார் அறுந்து, கக்கத்தில் துணிப் பையோடு வந்தார். கண்ணாடியின் ஒரு காதில் நூல் கட்டியிருந்தது. அவர் பின்னால் உரக்கடைக்காரரின் ஆள் ஒருத்தன், சலவை வேட்டியோடு. அவர்களுக்குப் பின்னால் மூட்டை தூக்க இரண்டு பேர்.

"பாப்பா, நைனா இருக்காரா?"

"ஊருக்குப் போயிருக்குது" என்றேன். அப்பா எதிர்க் கொல்லைக் கரும்புக்குள் உட்கார்ந்திருந்தார்.

அம்மா அடுப்பங்கரையிலிருந்து வெளியே வந்தாள். அன்று அதிகாலையிலேயே பாத்திரம் எல்லாவற்றையும் எதிர்வீட்டுக்குக் கடத்தியாகிவிட்டது. தாலியையும் கழற்றி, ஒரு கேழ்வரகுப் பானைக்குள் புதைத்து, அந்தப் பானையும் எதிர்வீட்டில் இருந்தது. வெறும் கழுத்தோடு நின்ற அம்மாவைப் பார்த்து அமீனா சட்டென்று சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கைகூப்பினார்.

"அய்யய்யோ, எப்பம்மா? பேப்பர்ல அவரு உயிரோட இருக்கறதாதான போட்டிருக்குது?"

அம்மாவுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. விளங்கியதும் கத்தினாள்: "உயிரோடதான்யா இருக்காரு! ஒன் வாயில மண்ணு உழ!"

மூட்டை தூக்க வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அமீனா சிரிக்கவில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"அதுக்குப் பயந்துக்கினு கழட்டி வச்சிட்டியா? தாலிய யாரும்மா கேட்டா? எந்தக் கோர்ட்டும் கேக்காது. எடுத்துப் போட்டுக்கோ மொதல்ல. சோறாக்குற சட்டி பான, கட்டுற துணி, படுக்கற பாயி, இதத் தொட எனக்கு அதிகாரமே கெடையாதும்மா."

நல்ல வார்த்தை பேசுகிறான் என்று எனக்குள் மணி அடித்தது. சித்தப்பா சொன்னது சொன்னபடி நடந்தது. நான் அம்மாவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

அமீனா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் கலப்பை சாத்தியிருந்தது. கொட்டகையில் வண்டி இருந்தது. உள் அறையில் கார்த்திகைப் பட்டத்துக்கு எடுத்து வைத்திருந்த விதை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, இரண்டு மூட்டை.

"ஏர் மாடு எங்கம்மா?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான், "எங்களுக்கு மாடே இல்ல" என்றேன்.

அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற காடிக்குள் எட்டிப் பார்த்தார். கழுநீர் இன்னும் அடியில் நின்றது. கொட்டகையில் சாணித் தடம் முழுக்கக் காயவில்லை.

"சாணி ஈரமா கீதே பாப்பா."

"அது எதிர்வூட்டு மாடு. எங்கூட்டுல வந்து போட்டுட்டுப் போவும்."

"எதிர்வூட்டு மாடு ஒங்க காடியிலதான் தண்ணி குடிக்குதா?"

"ஆமா. அவங்களுக்குக் காடி இல்ல."

சலவை வேட்டி ஆள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "அதான் இல்லங்குதே சார், எழுதுங்க. பொழுது போவுது."

"பொழுது உழுந்துட்டா நான் ஒருத்தர் வூட்டுக்குள்ள கால வைக்கக்கூடாதுய்யா. அது எனக்கும் தெரியும். இரு."

அவர் எனக்கு எதிரில் குந்தி உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. அந்த ஆளுக்குக் கேட்கும்படிதான் பேசினார். ஒளித்துப் பேசவில்லை.

"பாப்பா, நல்லா கேட்டுக்கோ. ஒழவு செய்யறவன் மாட்ட ஜப்தி பண்ணக்கூடாது. அவன் ஏரு கலப்ப, வெத, எதையும் தொடக்கூடாது. இது சட்டம், என் சொந்தப் பேச்சு இல்ல. மாடு இருக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னா, அதையும் தொட மாட்டேன், இந்த மூட்டையையும் தொட மாட்டேன், வண்டியையும் வுட்டுட்டுப் போயிடுவேன். இல்லன்னு சொன்னா ஒங்க நைனா ஒழவனே இல்லன்னு அந்த ஆளு எழுதச் சொல்லுவான். நான் எழுதித்தான் ஆவணும். மாடு இருக்குதா?"

அம்மா ஏதோ சொல்ல உதடு பிரித்தாள். அதை நான் பார்த்தேன். பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது, அம்மா ஏமாந்துவிடப் போகிறாள் என்று.

"இல்லன்னா இல்ல. எத்தினி தடவ சொல்றது உனுக்கு?" என்றேன்.

அமீனா எழுந்து, பையிலிருந்து காகிதத்தை எடுத்து, தொடைமேல் வைத்து எழுதினார். விதை மூட்டை இரண்டையும் வண்டியில் ஏற்றினார்கள். மாடு இல்லாத வண்டியை அந்த இரண்டு பேரும் நுகத்தடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். தெரு முழுவதும் நின்று பார்த்தது. அமீனா கடைசியாக, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு போனார்.

கரும்புக்குள்ளிருந்து அப்பா வந்தார். வெறும் அறையைப் பார்த்து முகம் வாடியது. ஆனால் சித்தப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். "சிங்கம்ண்ணா இது! மூட்ட போனா போவுது, மாட்டக் காப்பாத்திட்டாளே!" என்றார். எனக்கு அன்று பொட்டுக்கடலை உருண்டை கிடைத்தது. அமீனா எப்படி முழங்காலில் சத்தம் வர உட்கார்ந்தார் என்று தெருப் பிள்ளைகளுக்கு நடித்துக் காட்டினேன். அம்மா மட்டும் எதிர்வீட்டுப் பானைக்குள் கையை விட்டுத் தாலியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, அமீனா சொன்னதையே யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ஒருவேள நெசமாத்தான் சொன்னாரோ?" என்று கேட்டாள்.

"அமீனா எங்க அண்ணி நெசம் சொல்லுவான்?" என்றார் சித்தப்பா.

சூடு தணியட்டும் என்று அப்பா இன்னும் ஒரு வாரம் பொறுத்தார். அந்த வாரம் முடிவதற்குள், தனிப் பங்கு கேட்டுச் சாலை மறியல் வந்தது. ரோட்டோரத்துப் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் இல்லை, ஜீப் இல்லை. வெட்டினவர்களில் சித்தப்பாவும் ஒருவர். நானும் மற்ற பிள்ளைகளும் சாய்ந்த மரத்தில் ஏறிப் புளியம்பிஞ்சு தின்றோம். எங்களுக்கு அது திருவிழா. பிறகு ஆட்களைப் பிடிக்கப் போலீஸ் வேன் வந்தது. வெட்டினவர், வெட்டாதவர் என்று பார்க்கவில்லை. மீசை முளைத்த யாரும் ரோட்டில் கால் வைக்க முடியவில்லை. ஆண்கள் பகல் முழுவதும் கரும்புக்குள்ளேயே கிடந்தார்கள். அமீனாவுக்குப் பயந்து அப்பா உட்கார்ந்திருந்த அதே இடத்தில் இப்போது ஊரே உட்கார்ந்திருந்தது. மலையில் மழை அடிப்பது கீழிருந்தே தெரிந்தது. நீலம் போய்க் கறுப்பாகிவிட்டிருந்தது. அப்பா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார்.

கெடுபிடி தளர்ந்து சந்தை கூடிய அன்று, கடுக்காய் விற்க இறங்கிய ஒரு மலைக்காரப் பெண் எங்கள் வீடு தேடி வந்தாள். "மேல மாட்டுக்கெல்லாம் கோமாரி நோவுங்க. ஒங்க மாடு எரை எடுக்கல. ஆள் அனுப்பப் பாத்தோம், வழி இல்ல" என்றாள். அப்பா சட்டைகூடப் போடாமல் புறப்பட்டார்.

மூன்றாம் நாள் வந்தார். கையில் இரண்டு மூக்கணாங்கயிறும் செவலையின் கழுத்து மணியும் இருந்தன. கயிற்றை மாட்டுகிற ஆணியில் மாட்டினார். மணியை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"ஒண்ணாவது…?" என்றாள் அம்மா.

அப்பா இல்லை என்று தலையை ஆட்டினார்.

கார்த்திகையில் எல்லார் நிலத்திலும் ஏர் ஓடியது. விதையும் இல்லாமல், மாடும் இல்லாமல், எங்கள் காணியில் கோரை முளைத்தது. ஊருக்கெல்லாம் முதல் ஏர் ஓட்டிக் கொடுத்த அப்பா, அடுத்தவர் மாட்டின் பின்னால் கூலிக்கு நடந்தார். அந்த நடை வேறு மாதிரி இருந்தது. என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள்.

தை மாதம் அமீனா மறுபடியும் வந்தார், நிலத்தை ஏலம் போடுகிற நோட்டீசை ஒட்ட. இந்தத் தடவை அப்பா ஒளியவில்லை. கதவோரத்தில் நின்று, பசை தடவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"ஒண்ணு கேக்கறங்க. மாடு இருந்திருந்தா நீங்க புடிச்சிக்கினு போயிருக்க மாட்டீங்களா?"

"புடிக்க முடியாதுங்க. சட்டம் வுடாது." அமீனாவின் கண் ஆணியில் தொங்கிய கயிற்றுக்குப் போனது. "இருந்துச்சா?"

அப்பாவும் திரும்பி அந்தக் கயிற்றைப் பார்த்தார்.

"சொன்னேனே பாப்பா" என்றார் அமீனா என்னிடம். கோபமே இல்லாமல் சொன்னார்.

இப்போது அடி விழும் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அப்பா என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"கொழந்தைய ஒண்ணும் சொல்லாதீங்க. நான் சொல்லிக் குடுத்தது. அது சரியாத்தான் சொல்லுச்சு" என்றார்.

அமீனா மிச்சப் பசையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அப்பா அந்தக் காகிதத்தின் முன்னால், வாசிக்கத் தெரியாமல், நின்றுகொண்டே இருந்தார். அடி விழவில்லை, திட்டுகூட விழவில்லை என்பது ஒன்றுதான் எனக்குப் புரிந்தது. என் கூழாங்கற்களை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். காடி அடிவரைக்கும் காய்ந்து கிடந்தது. ஏழாங்கல் ஆட அதைவிட நல்ல இடம் வீட்டில் இல்லை. அதற்குள் இறங்கி உட்கார்ந்து, அப்பாவும் பார்க்கட்டும் என்று, ஒவ்வொரு கல்லாய் உயர உயர வீசிப் பிடித்தேன்.