நாலு தொண்டையும் ஒரு பாட்டும்

கூட்டாகப் பாடுகிறவர்களுக்குத் தொண்டை போவது பிந்தித்தான், மானம் முதல் மேடையிலேயே போய்விடும். பேர் வெளியில் வராமல் உழைக்கும் சகபாடிகளே, உங்களுக்கு இது விளங்கும்.

நாங்கள் நாலு பேர். வாத்தியம் கிடையாது. கறுப்பின அமெரிக்கர்கள் அந்தக் காலத்தில் பாடிய றிதம் அண்ட் புளூஸ் பாட்டுகளில் பைத்தியம் பிடித்து, அதே மாதிரித் தமிழில் பாடுகிறோம். ஏறாவூர் றிஸ்வான் முன்குரல். நானும் என் மச்சானும் "ஊ... ஆ..." என்று தாங்குவோம். செல்வம் அண்ணன் அடிக்குரலில் "டும் டும்" போடுவார்.

செங்கலடிக் கலியாணம்

எங்கள் முதல் மேடை. மூன்று பாட்டு உயிரைக் கொடுத்துப் பாடினோம். சபை மரியாதையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பெண்ணின் தாய்மாமன் மேடைக்கு ஏறி வந்தார். பாராட்டப் போகிறார் என்று றிஸ்வான் சேர்ட் கொலரைக்கூடச் சரிசெய்தான். மாமன் அவன் தோளில் கை வைத்துக் கேட்டார்: "மைக் சோதிச்சது போதும் மனே, இனி எப்ப பாட்டுத் தொடங்கப் போறீங்க?"

ஸ்ரூடியோ

மனைவி கட்டாருக்கு வேலைக்குப் போன அதே கிழமை செல்வம் அண்ணன் அவவை நினைத்து ஒரு பாட்டு எழுதினார். மட்டக்களப்பில் ஒரு ஸ்ரூடியோவில் பதிந்தோம். ஸ்ரூடியோக்காரர் அதற்கு ட்ரம்ஸ் சேர்த்து, தன் முகத்தையும் பேரையும் போட்டு யூடியூப்பில் ஏற்றிவிட்டார். பஸ்ஸில், ஓட்டோவில் எல்லாம் அந்தப் பாட்டுத்தான்.

நேரே போய் நின்றோம். செல்வம் அண்ணன் சத்தம் போடவில்லை. "என்ட பேரையாவது போடுங்க தம்பி, அவ பார்ப்பா" என்றார். அந்த மனிதர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை: "பேர் கூடினா வீடியோ வடிவில்லாமப் போயிடும் அண்ணன்."

ஏறாவூர்க் கலைவிழா

அங்கே ட்ரம்ஸ் இல்லாமல், எழுதியபடியே அந்தப் பாட்டைப் பாடினோம். சபை எழும்பி நின்று கைதட்டியது. செல்வம் அண்ணன் மேடைக்குப் பின்னால் நின்று மனைவிக்குக் கோல் எடுத்தார். போனில் அவ அழுதது எங்களுக்கும் கேட்டது. அந்த நேரம் பார்த்து விழா அமைப்பாளர் ஓடிவந்து றிஸ்வானின் கையைப் பிடித்துக் குலுக்கினார்: "மாஷா அல்லாஹ் தம்பி, யூடியூப் பாட்ட அச்சொட்டாக் கொப்பி அடிச்சிட்டீங்க!"

இப்போதெல்லாம் நோட்டீசில் எங்களுக்கும் ஒரு வரி கிடைக்கிறது, "அந்தப் பிரபல பாட்டை அப்படியே பாடும் குழு" என்று.