சித்தியின் குடையைத் திருடியவன்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் தெருவில் களவு போனால்கூட யாருக்கும் தெரிந்திருக்காது. அத்தனை பேரும் டிவி முன்னால் உட்கார்ந்து ஒரு திருடனைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். உள்ளூர் கேபிளில் வாரம் ஒன்றாக ஓடிய பழைய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படங்கள் அவை. எல்லாப் படத்திலும் அதே திருடன். கோட்டும் தொப்பியும் போட்ட வெளிநாட்டுக்காரன், ஆனால் டப்பிங்கில் அச்சு அசல் மதுரைத் தமிழ் பேசுவான். பெண்களைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவான். ஓடாத கடிகாரத்தைத் திருடினால் மறுநாள் ஓடவைத்து அதே இடத்தில் வைத்துவிட்டுப் போவான். அவனைத் துரத்தும் போலீஸ் அதிகாரி, பாவம், ஒவ்வொரு வாரமும் தோற்பார்.

சித்தி திருடன் கட்சி. "களவாண்டாலும் எம்புட்டு மரியாதையா களவாங்குறான் பாரு" என்பாள். நான் போலீஸ் கட்சி.

சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடு இருந்துகொண்டு தினமும் வேனில் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்வந்தாள். அந்த வருஷம் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். வந்த வரனையெல்லாம் அவள் ஏதாவது நொட்டை சொல்லித் தட்டிக்கழித்தாள். "மனசுல ஆள் இருந்தா பேரைச் சொல்லித் தொலை" என்று அம்மா கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். கடைசியில் சிவகாசியில் காலண்டர் பிரஸ்ஸில் வேலை பார்க்கும் ஒருவர் பெண் பார்க்க வருவதென்று முடிவாயிற்று. பிடித்திருந்தால் அன்றைக்கே பூ வைத்துவிடுவார்களாம்.

அந்தச் சமயத்தில்தான் சித்தியின் கம்பி ஒடிந்த குடை வேனில் காணாமல் போனது. மறுநாள் புதுக் கம்பியோடு அவளுடைய சீட்டிலேயே கிடந்ததாம். அடுத்துத் தூக்குவாளி போயிற்று. நசுங்கியிருந்த மூடி நேராகித் திரும்பி வந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. டிவியில் இருந்தவன் எங்கள் சாத்தூர்ப் பக்கம் வந்துவிட்டான் என்றே நினைத்தேன்.

படத்தில் அதிகாரி பொடி தூவிக் கைரேகை எடுப்பார். எங்கள் வீட்டில் பொடிக்கா பஞ்சம்? சாயங்காலம் சித்தி சேலையை உதறினால் மத்தாப்புக்குப் போடும் அலுமினியப் பவுடர் வெள்ளியாகக் கொட்டும். அதை எடுத்துத் தூவ நினைத்தால், கதவு, குடம், சுவிட்சு, என் கணக்குப் புத்தகம் எல்லாவற்றிலும் ஏற்கெனவே வெள்ளி ரேகை. தெருவில் பாதிப்பேர் கம்பெனிக்குப் போகிறவர்கள்தானே. அந்த அதிகாரி வந்திருந்தால் ஊரையே விலங்கு மாட்டி இழுத்துப் போயிருப்பார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் தூக்குவாளியின் அடியைத் திருப்பிப் பார்த்தேன். அங்கே ஒரு பெருவிரல் ரேகை, கன்னங்கரேலென்று கிரீஸில். பொழுது விடிந்தால் வேனுக்கு அடியில் படுத்து எழுந்திருக்கிற டிரைவரைத் தவிர வேறு யாருக்கு அந்தக் கை?

குற்றவாளியை எல்லாரும் கூடியிருக்கும்போது அறிவிப்பதுதான் படத்து முறை. பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தானாகவே கூடியது.

"வாங்க, வெயில்ல வந்திருக்கீக" என்று அம்மா காப்பியும் காராச்சேவும் கொடுத்தாள். மாப்பிள்ளையின் தாயார் பூப்பந்தை மடியில் வைத்துக்கொண்டு, "என்னம்மா, சம்மதந்தானா?" என்று சித்தியைக் கேட்டார். சித்தி குனிந்த தலை நிமிரவில்லை. இதுதான் சமயமென்று எனக்குத் தோன்றியது. தூக்குவாளியைக் கவிழ்த்து எல்லாருக்கும் காட்டினேன்.

"சித்தி சாமானையெல்லாம் களவாண்டு, சரிபண்ணி வைக்கிறது வேன் டிரைவர்தான். இந்தா ரேகை."

நங்கென்று தலையில் ஒரு குட்டு விழுந்தது. "ஏடி, வாய மூடு" என்றாள் அம்மா.

சித்தி அப்போதுதான் நிமிர்ந்தாள். அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். "பேரைக் கேட்டுக்கிட்டே இருந்தியேக்கா. புள்ள சொல்லிருச்சு."

காலண்டர் மாப்பிள்ளை நல்ல மனுஷன். முதலில் சிரித்தது அவர்தான். காப்பியைக் குடித்துமுடித்து, அம்மாவுக்கும் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்கள். சித்தி என்னை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். ஏன் அழுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் போலீஸ் வரும் என்று வாசலிலேயே நின்றேன். சேதி எப்படியோ எட்டி, சாயங்காலம் வந்தது டிரைவர்தான், குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு. எங்கள் அம்மா முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டே வழிவிட்டாள். பிறகு நாற்காலியை எடுத்துப் போட்டு, "சாப்பிட்டீகளா?" என்றாள்.

கஷ்டப்பட்டுப் பிடித்துக் கொடுத்தவளுக்குக் குட்டு, பிடிபட்டவனுக்குச் சோறு. இது எந்த ஊர் நியாயம் என்று அன்றைக்கு முழுக்க நான் யாரோடும் பேசவில்லை.