கோபத்தை உட்காரவைத்த சகாயமேரி

செவ்வாய்க்கிழமை காலை, விழுப்புரத்தில் நான் வேலை செய்யும் மருத்துவமனையின் வரவேற்பில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். சகாயமேரியின் கணவர் போனில் வந்தார். "மேரி போயிடுச்சுங்க. மாரடைப்பு." சரிங்க என்றேன். அடுத்தவருக்கு டோக்கன் கொடுத்தேன். மதியம்வரை வேலை பார்த்தேன். எப்படி என்று தெரியவில்லை.

மேரி என்னைவிட நான்கு வயது இளையவர். திண்டிவனத்தில் ஒரு கூரியர் கிளையில் ஒன்பது ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து நாற்காலி எங்களுக்கு. ஒருநாள் கோட்டக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் வந்து சத்தம் போட்டார். மகன் துபாய் கிளம்ப நான்கே நாள், ஏஜென்ட் கூரியரில் அனுப்பிய பாஸ்போர்ட் வந்துசேரவில்லை. மேலாளர் உள்ளே போய்விட்டார். மேரி பெரியவரை உட்காரவைத்தார். அவர் சொன்னதையெல்லாம் எழுதினார். எங்கள் பதிவிலிருந்த முகவரியோடு அதைப் படித்துக் காட்டினார்.

"இதானுங்களா? எதனா உட்டுட்டனா?"

"எங்க வூடு பதினாறும்மா. அறுபத்தொண்ணு இல்ல."

நான் விழுப்புரம் கிடங்குக்குப் போன் செய்து தேடச் சொன்னேன். மாலையில் உறை கிடைத்துவிட்டது.

பிறகு கிளையை மூடினார்கள். மேரி ஒரே மாதத்தில் பள்ளி அலுவலகம் ஒன்றில் சேர்ந்துவிட்டார். நான் வீட்டிலேயே கிடந்தேன். பார்க்க வந்த மேரியிடம், "கூரியர் தவிர எனக்கு இன்னா தெரியும் மேரி?" என்றேன்.

"கூரியரா கத்துக்கினோம்? கோவமா வர்றவங்க சொல்றத முழுசா கேட்டுக்கினு, தப்பு எங்கன்னு கண்டுபுடிக்கக் கத்துக்கினோம். அது எந்த ஆபீசுக்கும் வேணும்க்கா. வேலைக்கு மனு போடறப்ப அத எழுதிக் குடுங்க."

இந்த மருத்துவமனைக்கு அப்படியே எழுதிக் கொடுத்தேன். நேர்காணலில், மருத்துவமனை அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு, பாஸ்போர்ட் கதையைச் சொன்னேன். பெரியவரை உட்காரவைத்தது நான்தான் என்பதுபோலச் சொன்னேன். வேலை கிடைத்தது. இரண்டு மாதம் மேரியின் முகத்தைப் பார்க்கக் கூசினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டேன்.

அவர் டீயைக் குடித்து முடித்தார். "போன் போட்டுத் தேடவச்சது நீங்கதானே. அத ஏன் சொல்லாம உட்டீங்க? உங்க வேல உங்க கண்ணுக்கே தெரியலக்கா."

திண்டிவனம் கல்லறைத் தோட்டத்தில் என் முறை வந்தபோது ஒரு கைப்பிடி மண்ணைப் போட்டேன். பெட்டி ஏற்கெனவே மண்ணால் மூடியிருந்ததால் சத்தம் கேட்கவில்லை. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வரும்போது வரட்டும். போய் வாருங்கள், மேரி.