ஏலம் கூற யாரும் வரவில்லை

மாநகராட்சி ஆணையர் என்றால் ஆணை போடுகிறவள் என்றுதான் என் சொந்தக்காரர்கள் கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார்கள். பேரு பெத்த பேரு, தாகத்துக்கு நீரில்லை. குடிநீர்க் குழாய் உடைந்தால் எனக்கு ஃபோன் வரும். நாய் கடித்தால், சாக்கடை பொங்கினால், மின்மயானத்தில் மோட்டார் நின்றுபோனால் எனக்குத்தான் வரும். ஊர் ஏச்சு முழுக்க என் பெயருக்கு. முடிவு எடுக்கிற இடம் மட்டும் வேறு. அந்த இடத்துக்கு எங்கள் அலுவலகங்களில் ‘மேலே’ என்று பெயர். மேலே சொல்லிவிட்டார்கள், மேலே கேட்கிறார்கள், மேலே விரும்பவில்லை. இளநிலை உதவியாளராக நுழைந்து, பரீட்சை மேல் பரீட்சை எழுதி, ஊர் ஊராகப் பெட்டி தூக்கி அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்த பிறகும் எனக்கு மேலே ஒரு ‘மேலே’ மிச்சம் இருந்தது.

எட்டயபுரத்துப் பக்கம் கரிசல்காட்டில் பிறந்தவள் நான். சின்ன வயசில் மீன் என்றால் எங்களுக்குக் கருவாடுதான். அப்படிப்பட்டவளை இந்தத் துறைமுக நகரத்துக்கு மாற்றினார்கள். வந்து சேர்ந்தபோது துறைமுகம் போகும் சாலையோரம் மீன் விற்கும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தலைக்கு மேல் ஒரு சாக்கு, பக்கத்தில் லாரிகளின் புழுதி. அவர்களுக்காக என்று சொல்லி ஒரு மீன் அங்காடி கட்டும் திட்டம் வந்தது. டைல்ஸ் போட்ட மேடை, குழாய்த் தண்ணீர், கழிவுநீர் போக வழி, கழிப்பறை எல்லாம் உண்டு. திட்ட அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அந்தப் பெண்கள்தான் இருந்தார்கள். பணிக்காலத்தில் உருப்படியாக ஒன்று செய்யப்போகிறோம் என்று நான் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது.

கட்டி முடித்ததும் கடைகளை ஏலத்தில்தான் விட வேண்டும் என்றார்கள். ஏற்கெனவே அங்கே விற்றுக்கொண்டிருப்பவர்களுக்குப் பாதியையாவது ஒதுக்கலாம் என்று மேலே எழுதினேன். திறந்த மின்னணு ஏலம், விதிவிலக்கு கிடையாது என்று பதில் வந்தது. அறிவிப்பில் கையெழுத்துப் போட்டேன். இன்ன தேதியில் கடைகள் ஏலம் விடப்படும் என்று பெரிய எழுத்தில் இருந்தது. இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டிய சங்கதியெல்லாம் கீழே எறும்பு எழுத்தில் இருந்தது.

இந்தக் கடற்கரையில் ஏலம் என்றால் ஒன்றே ஒன்றுதான். படகு வந்ததும் மீனை மணலில் கொட்டுவார்கள். ஏலம் கூறுபவர் நடுவில் நின்று சத்தம் போட்டு விலை கூறுவார். சுற்றி நிற்பவர்கள் விரலை அசைப்பார்கள், கண்ணைக் காட்டுவார்கள். நாம் என்ன நடந்தது என்று கேட்பதற்குள் மீன் கைமாறிவிடும். அந்தப் பெண்கள் தினமும் அதில் நின்று பழகியவர்கள்.

அன்று விடிகாலையிலேயே அவர்கள் குளித்து, மாதா கோயிலுக்குப் போய்விட்டு, எங்கள் அலுவலக முற்றத்தில் வந்து நின்றிருக்கிறார்கள். யார் எந்தக் கடையைக் கேட்பது, ஒருத்திக்கு எதிராக இன்னொருத்தி விலை ஏற்றக்கூடாது என்றெல்லாம் தங்களுக்குள் பேசி முடித்தும் வைத்திருந்தார்கள். எனக்கு இது தெரியாது. மதியம் சாப்பிடக் கிளம்பும்போது முற்றத்தில் இவ்வளவு பேர் ஏன் நிற்கிறார்கள் என்று கேட்டேன். அவர்களுக்காகப் பேசுகிற பெண்மணி முன்னால் வந்தார். ஐம்பது வயதிருக்கும். நல்ல கனத்த குரல், கழுத்தில் ஜெபமாலை. முந்தியெல்லாம் சாக்கடை அடைப்பு பற்றி என்னிடம் சண்டைக்கு வந்தவர்தான்.

“ஏலங்கூறுதவரு இன்னும் வரலியேம்மா. நாங்க விடியக்காலத்துலருந்து இங்கனதான் நிக்கோம்.”

ஏலம் முடிந்துவிட்டது என்றேன். அவர் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார்.

“யாரும் சத்தமே போடலியேம்மா.”

மாடியில் கம்ப்யூட்டரில் முடிந்துவிட்டது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? எப்படியோ சொன்னேன். மீனை ஐஸ் பெட்டியில் வைத்து வெளியூருக்கு அனுப்பும் ஒரு கம்பெனி முன்வரிசை முழுவதையும் எடுத்திருந்தது; மிச்சக் கடைகளும் பதிவுசெய்திருந்த வெளியாட்களுக்கே போயிருந்தன. எந்த ஊரிலிருந்து எடுத்தார்களோ, அவர்கள் முகத்தைக்கூட யாரும் பார்க்கவில்லை. பெண்கள் கத்தவில்லை, மறியல் செய்யவில்லை. செய்திருந்தால் எனக்கும் ஒரு சாக்குக் கிடைத்திருக்கும். திரும்பவும் மேலே எழுதுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து, நீங்க எழுதினா நடக்கும் என்றார்.

எழுதத்தான் செய்தேன். சுவரோடு பேசியிருக்கலாம். பதில் கடிதமாகக்கூட வரவில்லை. ஃபோனில் ஒருவர், மேடத்துக்கு இந்த ஊர் பிடிக்கவில்லையா என்று மட்டும் கேட்டார்.

திறப்பு விழாவைத் திங்கட்கிழமை காலை என்று குறித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இந்தக் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை, திங்கள் காலையில் ஊரில் புதுமீனே இருக்காது என்று சொல்லிப் பார்த்தேன். நல்ல நேரம் பார்த்தாகிவிட்டது, மீனுக்கு ஏற்பாடு செய்யுங்கள் என்றார்கள். வெளியூரிலிருந்து வேனில் ஐஸ் மீன் வந்து இறங்கியது. கடலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு மீன் இறக்குமதி செய்த ஒரே அதிகாரி நானாகத்தான் இருப்பேன். அதோடு விட்டார்களா? கம்பெனி ஆட்கள் தொப்பியும் டீ ஷர்ட்டுமாக நின்றால் படத்தில் நன்றாக இருக்காதாம். அசல் மீன்காரப் பெண்கள் நாலு பேர் வேண்டுமாம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தோடேயே சுகாதார ஆய்வாளரை அனுப்பி அவர்களைக் கூட்டி வரச் சொன்னேன். எதற்கு என்று அவர் சொன்னாரா, நான் விசாரிக்கவில்லை.

முதல் கடையில் அந்தப் பெண்மணி உட்கார்ந்திருந்தார். நல்ல சேலை, தலையில் பூ. முக்கியப் பிரமுகர் வந்தார், ரிப்பனை வெட்டினார், அந்தப் பெண்மணிக்கு முன்னாலிருந்த பெரிய சீலா மீனைத் தூக்கிப் பிடித்தார். கேமராக்கள் முடித்ததும் மீனைக் கீழே வைத்தார். யாரோ கைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். கார்கள் கிளம்பின. கூட்டமும் கூடவே போய்விட்டது. நானும் கிளம்பப் பார்த்தேன்.

“மேடம்மா, ஒரு நிமிசம்.” அந்தப் பெண்மணிதான். முகம் கவலையாக இருந்தது. “அவுக தூக்கிப் பாத்திட்டு, வாங்காம வச்சிட்டுப் போயிட்டாவ. புதுக்கடை பாருங்க, மொத நாளே போணி ஆவாம இருந்தா நல்லாருக்காது. நீங்களாவது ஒண்ணு எடுங்கம்மா. நீங்க எழுதினதாலதான இந்த எடமே எனக்குக் கெடச்சிச்சு.”

பாதி திறந்த கைப்பையோடு நின்றேன். அந்த மீனை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. மறுநாள் காலையில் அவர் கூடையோடு வந்து நிற்பார், காவலாளி விரட்டுவான். அதைச் சொல்கிற வேலையையும் அவனிடமா விடுவது?

“இது உங்க கடை இல்லைம்மா. இன்னைக்கு ஒரு நாள் உக்காரத்தான் கூப்பிட்டாங்க. மேல ஒத்துக்கலை.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப யாரு கடைக்கும்மா நான் போணி கேக்கேன்?”

தொப்பி போட்ட கம்பெனிப் பையன்கள் ஐஸ் பெட்டிகளோடு ஓரமாக வந்து நின்றார்கள். அவர் மேடையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மற்ற மூன்று பெண்களும் இன்னும் மீன் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பக்கம் திரும்பி, “ஏளா, தெளிச்சது போதும், எந்திரிங்க. இது நம்ம கடையில்லையாம்” என்றார்.